மத்ரா சூக்கில் முதல் நாள் பர்ஸைத் திறக்காதீர்கள்: மஸ்கட் பழைய சந்தைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

முதல் முறை மத்ரா சந்தைக்கு நான் போனது மதியம் 2 மணிக்கு. இறக்கிவிடும்போதே டாக்ஸிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே போனால் எல்லாக் கடையும் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. ஒரு திண்ணையில் இரண்டு பூனைகள், எதிர்த் திண்ணையில் செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒரு சுமைக்காரர், மூவருக்கும் நல்ல தூக்கம். கடலோரத்தில் நிழல் தேடி இரண்டு மணி நேரம் வெந்தேன். அதன் பிறகு நான்கைந்து தடவை போயாகிவிட்டது. அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்ததையெல்லாம் இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

சூக் என்றால் அரபியில் சந்தை. மத்ரா, ஓமான் நாட்டின் தலைநகரில், பழைய மஸ்கட்டை ஒட்டிய துறைமுக ஊர். முன்னால் கடல், மற்ற பக்கமெல்லாம் புல் பூண்டு இல்லாத பாறை மலை. இன்று மஸ்கட் என்று நாம் சொல்வது ஒரே ஊர் இல்லை. சீப், அல் குவைர், ரூவி, மத்ரா, பழைய மஸ்கட் என்று மலைக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கோத்த பல ஊர்கள். விமான நிலையம் ஒரு கோடியில், சந்தை மறு கோடியில். இதைத் தெரிந்துகொண்டால் ஓட்டல் எங்கே எடுப்பது என்ற குழப்பம் பாதி தீரும். சந்தைக்காகவே போகிறீர்கள் என்றால் மத்ராவிலோ ரூவியிலோ தங்குங்கள்.

முதல் வேலை: கடிகாரத்தைப் பார்ப்பது

காலை 9 மணி வாக்கில் கடைகள் திறக்கும், மதியம் 1 மணிக்கு மூடும். மறுபடி 4 மணிக்குத் திறந்தால் இரவு 9, 10 வரை இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் போகவே போகாதீர்கள். அன்று சாயங்காலம்தான் உயிர் வரும். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். தொழுகை நேரத்தில் சில கடைக்காரர்கள் ஒரு துணியை மட்டும் சரக்கின் மேல் போர்த்திவிட்டுப் போயிருப்பார்கள். பத்து நிமிடம் நின்றால் வந்துவிடுவார்கள்.

மாதம் என்று கேட்டால் நவம்பர் முதல் மார்ச் வரை. ஜூன், ஜூலையில் 40 டிகிரிக்கு மேல் போகும், கடல் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். ரமலான் மாதத்தில் பகல் மந்தமாகவும் இரவு திருவிழாவாகவும் இருக்கும். அந்த மாதம் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், இது யாரும் சொல்ல மாட்டார்கள். கடற்கரைச் சாலையில் நின்று துறைமுகத்தைப் பாருங்கள். சரக்குக் கப்பல் போக்குவரத்தை 2014இல் சோஹார் துறைமுகத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது இங்கே வருவதில் முக்கியமானவை உல்லாசக் கப்பல்கள். பத்து மாடி உயரத்துக்கு வெள்ளையாக ஒன்று நின்றால் அன்று காலை சந்தையில் இரண்டாயிரம் பேர் கூடுதலாக இருப்பார்கள், விலையும் அவர்களுக்கு ஏற்ற விலையாக இருக்கும். நாம் சாயங்காலம் போகலாம்.

காசும் எண்களும்

ஓமான் ரியால் 1க்கு 1000 பைசா. நூறு இல்லை, ஆயிரம். டாலரோடு கட்டிவைத்த நாணயம் என்பதால் 1 ரியால் எப்போதும் 2.60 டாலர் அளவில் நிற்கும். நம் ரூபாயில் இருநூறுக்கு மேல். புதிதாகப் போகிறவர்கள் இங்கேதான் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். விலைச் சீட்டில் 1.500 என்று இருந்தால் அது ஆயிரத்து ஐந்நூறு ரியால் இல்லை, ஒன்றரை ரியால். அதேபோல் "அஞ்சு ரியால்தானே" என்று மனசு லேசாகச் சொல்லும். அது ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்று மூளை சொல்ல வேண்டும்.

சில கடைகளில் விலையை அரபு எண்களில் எழுதியிருப்பார்கள். ஐந்து நம் பூஜ்யம் மாதிரி வட்டமாக இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. ஆறு, நாம் எழுதும் 7 போலவே இருக்கும். ஏழு ஆங்கில வீ எழுத்து, எட்டு அதைக் கவிழ்த்தது. இந்த ஐந்தையும் விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். பழகுவதற்கு எளிய வழி, கையில் இருக்கும் ரியால் நோட்டு. ஒரு பக்கம் அரபு எண், மறு பக்கம் நமக்குத் தெரிந்த எண்.

பெரிய கடைகளில் கார்டு எடுப்பார்கள். ஆனால் சந்தைக்குள் ரொக்கம் இருந்தால்தான் பேரம் படியும். 1 ரியால், 5 ரியால் நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். 50 ரியால் நோட்டை நீட்டிவிட்டு "கையில் அவ்வளவுதான் இருக்கு" என்று பேரம் பேச முடியாது, பாருங்கள்.

போய்ச் சேர்வது, உடுத்துவது

ராயல் ஓமான் போலீஸின் இணையதளத்தில் ஈ-விசா எடுக்கலாம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் என்றால் சுமார் 4 மணி நேரம். அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால்.

ஊருக்குள் மவாஸலாத் என்ற அரசுப் பேருந்து ஓடுகிறது. ரூவி நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து மத்ரா வழியாகப் பழைய மஸ்கட்டுக்குப் போகும் பேருந்து பிடிக்கலாம். மலிவு, சுத்தம், ஏசி. டாக்ஸி என்றால் செயலியில் கூப்பிடுங்கள். தெருவில் நிறுத்தும் ஆரஞ்சு-வெள்ளை டாக்ஸியில் ஏறும் முன் தொகையைப் பேசிவிட வேண்டும், ஏறிய பிறகு இல்லை.

உடை விஷயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். பெண்கள் சந்தைக்கு முக்காடு போட வேண்டிய அவசியமில்லை. ஆனால் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் தலை, கை, கால் எல்லாம் மூடிய உடை வேண்டும். ஒரு பருத்தித் துப்பட்டாவை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். சந்தையில் "பஷ்மினா, பஷ்மினா" என்று கூவி விற்கும் சால்வை, பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போனதுதான்.

முதல் சுற்று: வாங்காமல் நடப்பது

கடலோரச் சாலையிலிருந்து பெரிய வாசல் வழியாக உள்ளே நுழைகிறீர்கள். நுழைந்த உடனே இரு பக்கமும் சால்வை, காந்தம் ஒட்டிய ஒட்டகம், அலாவுதீன் விளக்கு, "ஹலோ மேடம்", "இந்தியாவா? நமஸ்தே, வாங்க வாங்க". இதைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று திரும்புகிறவர்கள் அதிகம். இது சந்தையின் முகம் இல்லை, சந்தையின் வாசற்கோலம். காலை எட்டி வையுங்கள்.

கொஞ்சம் உள்ளே போனதும் மேலே நிமிர்ந்து பாருங்கள். மர விட்டம், நடுச் சந்தியில் வண்ணக் கண்ணாடி பதித்த குவிமாடம். இது புதுப்பித்த வேலை. முன்பு மண் சுவரும் ஈச்சமட்டைக் கூரையுமாக, சந்துகள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததால் பகலிலும் வெயில் உள்ளே இறங்காதாம். அதனால் இதற்கு இருட்டுச் சந்தை என்று பொருள்படும் 'சூக் அல் தலாம்' என்று ஒரு பெயர் உண்டு. இருட்டு என்பது அந்த வெயில் நாட்டில் திட்டு இல்லை, பாராட்டு. மலையில் மழை பெய்தால், வாடி என்று அவர்கள் சொல்லும் காட்டாற்று வெள்ளம் சந்தைத் தெருவுக்குள்ளேயே ஓடி வரும். 2007 ஜூனில் கோனு புயல் வந்தபோது மத்ரா பட்ட பாட்டை வயதான கடைக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். மழை மேகம் கண்டால் சந்தையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

அந்தச் சந்தியிலிருந்து இடமோ வலமோ எந்தச் சந்து வேண்டுமானாலும் திரும்புங்கள். வழி தொலையும், தொலையட்டும். மூன்று திருப்பம் தாண்டினால் "ஹலோ மேடம்" நின்றுவிடும். அங்கே ஓமானியப் பெண்கள் கல்யாணத்துக்குத் துணி கிழிக்கிறார்கள். பையனுக்குத் தொப்பி அளவு பார்க்கும் ஒரு அப்பா. அலுமினியப் பாத்திரம், பூட்டு, மசாலா, தையல் நூல். கடைக்காரர்கள் பேசும் மொழியைக் காது கொடுத்துக் கேளுங்கள். அரபி, பலூச்சி, இந்தி, வங்காளம், மலையாளம், சில முதியவர்களிடம் கிழக்கு ஆப்பிரிக்கச் சுவாஹிலியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஓமான் சுல்தான் சையித் சயீத் தன் அரசவையையே கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாருக்குக் கொண்டுபோனவர். அந்தத் தொடர்பின் மிச்சம் அது. கட்ச் பகுதியிலிருந்து வந்த குஜராத்தி வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கின்றன. பழைய மஸ்கட்டில் சிவன் கோயில் ஒன்றுகூட இருக்கிறது.

நடக்கும்போது ஒரு பெரிய கதவும் உயரமான மதிலும் தெரிந்தால் நின்றுகொள்ளுங்கள். அது சூர் அல் லவாத்தியா. சிந்துப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய லவாத்தியா சமூகத்தாரின் குடியிருப்பு. கடலைப் பார்த்த அவர்களுடைய பழைய மாடி வீடுகளின் மரப் பலகணிகளை வெளியிலிருந்தே ரசிக்கலாம். உள்ளே வீடுகள், சுற்றிப் பார்க்கும் இடம் இல்லை. கேமராவோடு நுழைந்த ஒரு ஆளை ஒரு பாட்டி விரலசைவிலேயே திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன்.

படம் எடுப்பது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொருளைப் படமெடுக்கலாம். ஆளை எடுக்கும் முன் "மும்கின் சூரா?" என்று கேளுங்கள், படம் எடுக்கலாமா என்று அர்த்தம். ஆண்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு தலைப்பாகையைச் சரிசெய்வார்கள். பெண்களைக் கேட்கவே வேண்டாம்.

முதல் நாள் இவ்வளவுதான். எந்தக் கடையில் என்ன விலை சொல்கிறார்கள் என்று காதில் வாங்கிக்கொண்டு, கைவீசி வெளியே வாருங்கள். மறுநாள் வாங்கலாம்.

லுபான்: இதற்காகத்தான் வந்தோம்

சந்தைக்குள் எங்கே நின்றாலும் ஒரு புகை மணம் கூடவே வரும். அது லுபான். நாம் தூபம் போடும் சாம்பிராணிக்கு உறவு, ஆனால் அதுவே இல்லை. நம் ஊர் தேவாலயங்களில் குந்திரிக்கம் என்று சொல்வது இதற்கு நெருங்கிய சொந்தம். கிறிஸ்து பிறந்தபோது சாஸ்திரிகள் பொன், வெள்ளைப்போளத்தோடு கொண்டுபோன தூபவர்க்கம் இதுதான்.

ஓமானின் தெற்கே தோஃபார் பகுதியில் வறண்ட மலைச்சரிவில் வளரும் மரம். பட்டையைச் சிறு கருவியால் சீவிவிட்டால் பால் கசிந்து, சொட்டுச் சொட்டாக இறுகும். சில நாள் கழித்து வந்து சுரண்டி எடுப்பார்கள். முதல் சீவலில் வரும் பிசின் சுமார். அடுத்தடுத்த சீவலில்தான் நல்லது கிடைக்கும். அந்த மரங்களும் பழைய துறைமுகங்களும் உள்ள இடங்களை 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தரத்துக்கு நான்கு பெயர் கேட்பீர்கள்: ஹோஜரி, நஜ்தி, ஷஸ்ரி, ஷாபி. ஹோஜரிதான் உச்சம். சிக்கல் என்னவென்றால் எல்லாக் கடையிலும் எல்லாமே ஹோஜரிதான். என் முதல் பொட்டலம் அப்படித்தான் வந்தது. வாசல் பக்கக் கடை ஒன்றில் பளபளப்பான டப்பாவில் 6 ரியால் கொடுத்து வாங்கிப் பெருமையாக எடுத்துப் போனேன். மறுநாள் உள்சந்தில் ஒரு மலபார்க்காரர் கடையில் அதைக் காட்டி, "இக்கா, இது நல்லதா?" என்று கேட்டேன். அவர் டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினார். ஒன்றும் பேசவில்லை. விரலால் பிரித்தார். மேலே இருந்த ஏழெட்டு மட்டும் வெளிறிய பெரிய கட்டி. கீழே எல்லாம் பழுப்புத் தூளும் பட்டைத் துணுக்கும். "தம்பி, இந்த ஏழுக்குத்தான் நீங்க காசு கொடுத்தது" என்றார்.

அவர் காட்டிக்கொடுத்த சோதனை இது. கட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நல்லதில் பாலில் பச்சை ஒரு சொட்டு கலந்த மாதிரி சாயல் இருக்கும், ஒளி ஊடே வரும். மஞ்சள், தேன் நிறம் அடுத்த தரம். சிவந்து பழுத்தது விலை குறைந்தது. வீட்டுப் புகைக்கு அதுவும் போதும், ஏமாற்றமில்லை. ஒரு துண்டை வாயில் போட்டு மெல்லுங்கள். முதலில் தூளாக உடையும், கொஞ்சம் கசக்கும். பிறகு ஒன்றுசேர்ந்து சவ்வு மிட்டாய் போல வரும், எலுமிச்சைத் தோலின் வாசனை மூக்கில் ஏறும். கடைசியாகக் கடைக்காரரைக் கங்கில் ஒரு துண்டு போடச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை மெல்லச் சுருண்டு எழ வேண்டும். கரும்புகையும் எரிந்த ரப்பர் நாற்றமும் வந்தால் சலாம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

டப்பாவில் அடைத்ததை வாங்காதீர்கள். சாக்கிலிருந்து எடுத்து எடை போட்டு வாங்குங்கள். ஓமானியர்கள் நல்ல ஹோஜரியை இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதுண்டு. எது எந்தத் தரம் என்று கண்ணால் பிரிக்கத் தெரியும்வரை நாம் புகையோடு நிறுத்திக்கொள்வோம்.

பக்கத்திலேயே புகூர் இருக்கும். அது வேறு, மரத்தூளையும் வாசனைத் தைலங்களையும் பிசைந்து செய்வது. ஊத் என்று தனியாக விற்பது நம் அகில் கட்டை. நல்ல அகில் தங்கம் மாதிரி கிராம் கணக்கில் போகும். தெரியாமல் கை வைக்க வேண்டாம்.

பேரம்

கடைக்குள் நுழைந்ததும் விலையைக் கேட்பது மரியாதை இல்லை. "அஸ்ஸலாமு அலைக்கும்", அப்புறம் "கேஃப் ஹாலக்?", அதாவது எப்படி இருக்கீங்க. பதில் வரும், அவரும் கேட்பார். அதற்குப் பிறகு "பிகம் ஹாதா?", இது எவ்வளவு? சொன்ன விலையைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் சிரித்தபடி "காலி!" என்று சொல்லலாம், விலை அதிகம் என்று. கடைசியாக "ஆகிர் கலாம்?" என்று கேட்டால், உங்கள் கடைசி வார்த்தை என்ன என்று பொருள். இந்த ஐந்து வாக்கியம் போதும். மீதியை இந்தியில் பேசி முடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பேரம் என்றால் பாதிக்குப் பாதி கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அது எடுபடாது. ஓமானியக் கடைக்காரர் கத்த மாட்டார், கையைப் பிடித்து இழுக்க மாட்டார். பாதி விலை கேட்டால் மெல்லப் பொருளை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிடுவார், அவ்வளவுதான். பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை குறையும். இரண்டு மூன்று பொருள் சேர்த்து வாங்கினால் இன்னும் சுலபம். நீங்கள் சொன்ன விலைக்கு அவர் சம்மதித்துவிட்டால் வாங்கியாக வேண்டும். பிறகு "பார்த்துட்டு வரேன்" என்பது அங்கே கெட்ட பழக்கம்.

தங்கக் கடையில் இந்தக் கதையே வேறு. அன்றைய கிராம் விலை பலகையில் இருக்கும். அதில் பேரம் இல்லை. செய்கூலியில் மட்டும் பேசலாம். 5 சதவீத மதிப்புக் கூட்டு வரியையும் கணக்கில் சேருங்கள். எவ்வளவு தங்கம் கொண்டுவரலாம் என்று நம் சுங்க விதியைப் பார்க்காமல் வளையல் போட்டுப் பார்க்கவே கூடாது.

வெள்ளி, கத்தி, தொப்பி

பழைய வெள்ளிக் கடைகள்தான் எனக்கு மத்ராவில் பிடித்த இடம். ஒரு கிண்ணத்தில் அழுக்கேறிய பெரிய வெள்ளி நாணயங்கள் கிடக்கும். தடித்த ஒரு ராணியின் தலை. மரியா தெரேசா தாலர், ஆஸ்திரிய நாணயம். ஓமானில் 1970 வரைகூட இது புழக்கத்தில் இருந்தது. உருக்கி நகையும் செய்தார்கள். எடுத்து வருடத்தைப் பாருங்கள், 1780 என்றிருக்கும். அடுத்ததையும் பாருங்கள், 1780. கிண்ணம் முழுக்க 1780தான். ராணி இறந்த வருடம் அது. அதற்குப் பிறகு எத்தனை தடவை அச்சடித்தாலும் அதே வருடத்தையே போட்டார்கள். "இருநூற்று நாற்பது வருஷத்துக் காசு" என்று கடைக்காரர் விலையேற்றினால் நீங்களும் சிரித்துக்கொண்டே வருடத்தைத் தடவலாம்.

கஞ்சர் என்பது அவர்களுடைய இடுப்புக் கத்தி. ஓமான் கொடியில் இருப்பதும் அதுதான். உறை கொக்கி போல வளைந்து, வெள்ளிக் கம்பி வேலைப்பாட்டோடு இருக்கும். அந்தக் கைவினையை 2022இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. உண்மையான கஞ்சர் நூற்றுக்கணக்கான ரியால். சுற்றுலாக்காரருக்கென்று செய்த தகட்டுக் கஞ்சர் அலமாரியில் வைக்கப் போதும். பழையது வாங்கினால் பிடி எதனால் ஆனது என்று கேளுங்கள். காண்டாமிருகக் கொம்பு, தந்தம் என்று பெருமையாகச் சொன்னால் அப்படியே வைத்துவிடுங்கள். அதைக் கொண்டுவருவது குற்றம்.

சின்னப் பொருள் வேண்டுமென்றால் என் ஓட்டு கும்மாவுக்கு. ஓமானிய ஆண்கள் போடும் வட்டத் தொப்பி. இயந்திரத்தில் தைத்தது ஒன்றிரண்டு ரியாலுக்குக் கிடைக்கும். கையால் தைத்ததில் பூவேலைக்கு நடுவே ஊசித் துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒவ்வொரு துளையின் விளிம்பையும் தனித்தனியாகச் சுற்றித் தைத்திருப்பார்கள், காற்று போவதற்காக. உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இயந்திர வேலையா கைவேலையா என்று அங்கே தெரிந்துவிடும். நாற்பது ரியால் சொன்னாலும் ஏன் என்று புரியும்.

வாய்க்கு

ஓமானி அல்வாவைக் கடையில் சுவைத்துப் பார்க்கக் கொடுப்பார்கள். சர்க்கரை, மாவுச்சத்து, நெய், குங்குமப்பூ, ஏலம், பன்னீர். பெரிய தாமிர அண்டாவில் மணிக்கணக்கில் கிண்டுவது. அல்வா என்ற சொல்லே அரபியிலிருந்து வந்ததுதான், ஆனால் கோதுமைப் பால் எடுத்துச் செய்யும் நம் அல்வாவின் இழுவை இதில் இல்லை. இது தளதளவென்று கூழுக்கும் ஜெல்லிக்கும் நடுவில் நிற்கும். கூடவே கஹ்வா வரும். ஏலம் போட்ட, பால் சர்க்கரை இல்லாத காப்பி, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில். முதலில் ஒரு பேரீச்சம்பழம், பிறகு ஒரு வாய் கசப்பு. கிண்ணம் காலியானால் கேட்காமலே மறுபடி ஊற்றுவார்கள். போதும் என்று வாயால் சொல்லித் தீராது. வலது கையில் கிண்ணத்தைப் பிடித்து லேசாக இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். எனக்கு இது தெரியாமல் ஐந்து கிண்ணம் குடித்தேன், அன்றிரவு தூக்கமில்லை.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் சாயா, பரோட்டா கடைகள் பெரும்பாலும் கேரளத்தவருடையவை. கரக் சாயாவும் ஓமானி ரொட்டியில் முட்டையும் பாலாடைக்கட்டியும் சுருட்டியதும் சாப்பிடுங்கள். மிஷ்காக் என்று குச்சியில் சுட்ட இறைச்சி கிடைத்தால் விட வேண்டாம்.

மீன் பிரியர்கள் காலையிலேயே சந்தைக்குப் பக்கத்தில் உள்ள மீன் அங்காடிக்குப் போகலாம். 2017இல் திறந்த புதுக் கட்டடம். ஸ்னோஹெட்டா என்ற நார்வே கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. கூரை அலை போல நெளிந்து கம்பிக் கம்பியாக நிழல் விழும். கன்அத் என்று அவர்கள் சொல்வது நம் வஞ்சிரம், தூத்துக்குடிப் பக்கம் சீலா. ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை அதைப் பிடிக்கத் தடை. அந்த நாட்களில் தேடாதீர்கள், சூரை இருக்கும்.

ஊர்: ஒரு நாள் ஒதுக்குங்கள்

பெரிய பள்ளிவாசல் சனி முதல் வியாழன் வரை காலை 8 முதல் 11 வரைதான் மற்றவர்களுக்குத் திறந்திருக்கும். 2001இல் திறந்தது. தொழுகைக் கூடத்தின் கம்பளம் ஒரே விரிப்பு, 70 மீட்டருக்கு 60 மீட்டர், எடை 21 டன். மேலே பார்க்கும் முன் கீழே பாருங்கள்.

அங்கிருந்து மத்ரா வந்து, கடலை ஒட்டிப் பழைய மஸ்கட் வரை போகலாம். அல் ஆலம் அரண்மனை நீலமும் தங்கநிறமுமாகப் பொம்மை வீடு போல இருக்கும்; உள்ளே விட மாட்டார்கள். இரு பக்கமும் பாறை மேல் ஜலாலி, மிரானி கோட்டைகள், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கட்டியவை. 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வரும்வரை இந்த ஊரின் வாசற்கதவுகளை இரவில் அடைத்துவிடுவார்கள். கதவு அடைத்த பிறகு வெளியே நடப்பவர் கையில் விளக்கு பிடித்திருக்க வேண்டும் என்று அன்றைய சட்டம். இன்று அதே சாலையில் இரவு 11 மணிக்குக் குழந்தைகளோடு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை: நிஸ்வா

மத்ரா வெள்ளி காலையில் மூடியிருக்கிறதே என்று வருந்த வேண்டாம், அன்றைக்கு நிஸ்வாவில் ஆட்டுச் சந்தை. மஸ்கட்டிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். காரை வாடகைக்கு எடுத்து 5 மணிக்கே கிளம்புங்கள். 9 மணிக்குப் போனால் காலி மைதானமும் புழுக்கையும்தான் மிஞ்சும்.

வட்டமான திடல். நடுவில் கூரை போட்ட மேடையைச் சுற்றி ஒரு வரிசை ஆட்கள், வெளிவட்டத்தில் இன்னொரு வரிசை. இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதையில் விற்பவர்கள் ஆட்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள், விலையைக் கூவியபடி. வாங்குகிறவர் கையை நீட்டி நிறுத்துவார். பல்லைப் பார்ப்பார், மடியை அமுக்குவார், தலையாட்டினால் மேலே நடக்கும். நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து ரகசியமாக விலை பேசுவார்கள்; இங்கே எல்லாம் தொண்டையில். முகமூடி போல புர்கா அணிந்த, பதூயின் என்ற பாலைவன நாடோடி இனத்து மூதாட்டிகள் ஆண்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேரம் பேசுவதைக் கட்டாயம் பாருங்கள். நடைபாதைக்குள் மட்டும் நின்றுவிடாதீர்கள். என் முழங்காலில் ஒரு கிடா அதைச் சொல்லிக்கொடுத்தது.

பெருநாளுக்கு முந்தைய நாட்களில் இந்தக் கூட்டம் பல மடங்காகும். அந்தச் சிறப்புச் சந்தைகளுக்கு ஹப்தா என்று பெயர். பக்கத்திலேயே 17ஆம் நூற்றாண்டில் கட்டிய நிஸ்வா கோட்டையின் பெரிய வட்டக் கோபுரம். படியேறும்போது தலைக்கு மேலே துளைகள் தெரியும். எதிரி ஏறி வந்தால் அதன் வழியே கொதிக்கும் பேரீச்சம்பாகை ஊற்றுவார்களாம். கீழே சந்தையில் அதே பாகு பாட்டிலில் கிடைக்கிறது. தோசைக்கு நன்றாக இருக்கும்.

பெட்டி கட்டும்போது

கஞ்சர், அது தகட்டுக் கஞ்சராக இருந்தாலும், செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். அல்வா டப்பாவைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் உறை போடுங்கள், நெய் கசியும். சிப்பி, பவளம் கடற்கரையிலிருந்து பொறுக்கி வராதீர்கள். லுபானைத் துணியோடு வைத்தால் ஒரு மாதத்துக்குச் சட்டையெல்லாம் மத்ரா மணக்கும். எனக்கு அது பிடிக்கும், வீட்டில் பிடிக்கவில்லை.

லுபானோடு கடைக்காரர் வட்ட வட்டமான கரி ஒரு பெட்டி இலவசமாகத் தருவார். தீக்குச்சி காட்டினால் சட்டென்று பற்றிக்கொள்ளும் ரகம். விமானத்தில் அதைக் கைப்பையிலும் விட மாட்டார்கள், பெட்டியிலும் விட மாட்டார்கள். பாதுகாப்புச் சோதனையில் பெட்டியைப் பிரித்துக் கொட்டவைப்பதற்குள் ஓட்டலிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு கொட்டாங்கச்சியைப் பற்றவைத்து, தழல் அடங்கிச் சாம்பல் பூத்ததும் தூபக்காலில் போட்டு, மேலே ஒரே ஒரு கட்டி வையுங்கள். இரண்டு வைத்தால் பக்கத்து வீட்டிலிருந்து கேட்க வருவார்கள்.